மேல்கோட்டை வீட்டில் அப்பாவின் பூட்டு

அன்புள்ள அப்பா,

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. இத்தனை நாளும் உங்களிடம் அழுதுகொண்டுதான் பேசினேன். இன்றைக்குக் கோபமாகப் பேசப்போகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

நேற்று நம் மூன்று குடும்பமும் சேர்ந்து மேல்கோட்டைக்குப் போய்வந்தோம். பூர்வீக வீட்டின் பின்சுவர் மழையில் சாய்ந்துவிட்டது, இன்னொரு மழைக்குக் கூரை தாங்காது என்று எதிர்வீட்டுக்காரர் கார்டு போட்டிருந்தார். யுத்தகாலத்தில் பெட்ரோல் ஏது? கரி போட்டு ஓட்டும் பஸ் ஒன்றை அமர்த்தி, இருபத்திரண்டு பேர், ஒரு அண்டா புளியோதரை, ஒரு தச்சர் என்று சாமராஜபுரத்திலிருந்து கிளம்பினோம். மலை ஏற்றத்தில் பஸ் நின்றுவிட, பெரியப்பா தவிர எல்லாரும் இறங்கித் தள்ளினோம்.

பெரியப்பா முன் சீட்டு, சித்தப்பா கடைசி சீட்டு. இருவருக்கும் நடுவே சேதி சுமக்கிற வேலை எனக்கு. நீங்கள் பார்த்த உத்தியோகம் அது. ஒரு வார்த்தை கேட்காமல் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டீர்கள்.

தாத்தா காலமானதும் வீடு யாருக்கு என்று சண்டை போட்டு, வாசல் சங்கிலியில் ஆளுக்கொரு பூட்டு மாட்டினீர்களே, உலகத்தில் வேறு யாராவது அப்படிச் செய்வார்களா? மூன்று சாவியும் வந்தால்தான் கதவு திறக்கும். பதினோரு வருஷமாக அவை சேர்ந்து வரவில்லை.

பெரியப்பாவின் பூட்டு எண்ணெய் விட்டதும் திறந்தது. சித்தப்பாவுடையதும் திறந்தது. உங்களுடையது? உங்கள் மேஜை டிராயரில் கிடந்த பத்தொன்பது சாவிகளையும் வாரிக்கொண்டு போயிருந்தேன். ஒன்றும் உள்ளேயே நுழையவில்லை. ஆயுசு முழுக்க அரண்மனை ஆபீசில் காகிதங்களுக்குச் சீட்டு ஒட்டிய மனிதர், வீட்டுச் சாவிக்கு ஒரு சீட்டு கட்டி வைக்கக்கூடாதா?

தெருவே கூடிவிட்டது. சித்தப்பா தச்சரின் சுத்தியலைக் காட்டினார்.

"போனப்புறமும் உங்கப்பா பிடிவாதம் போகலை பாரு. உடைச்சுடச் சொல்லு."

"வேண்டாம் சித்தப்பா. ஊரே பாத்துண்டு நிக்கறது."

"பின்னே என்ன பண்றது? டிரைவர் ஹொத்தாய்த்து, ஹொத்தாய்த்துன்னு கன்னடத்துல கத்தறான், நாழியாயிடுத்தாம். இருட்டறதுக்குள்ள மலை இறங்கணுமோ இல்லியோ?"

அவருக்கு நேரமாகிற கவலை. எனக்கு வேறு கவலை. ஒருவர் பூட்டை மற்றவர் உடைத்தால் அந்தக் குடும்பத்தோடு உறவு முடிந்தது என்றுதானே நம் தெருவில் அர்த்தம்? நீங்கள் இல்லாத நேரம் பார்த்து, எல்லார் கண் முன்னாலும், நம்மை அறுத்து விடுவதா?

தச்சர் சுத்தியலை ஓங்கினார். நான் ஓடிப்போய் உங்கள் பூட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிடித்த வேகத்தில் அது கையோடு கழன்று வந்துவிட்டது.

உடையவில்லை அப்பா. அதை நீங்கள் பூட்டவே இல்லை. வளையத்தைச் சும்மா உள்ளே அழுத்தி வைத்திருந்தீர்கள்.

பெரியப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. பூட்டை வாங்கித் தடவிப் பார்த்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகத் தம்பியைப் பார்த்து நேராகப் பேசினார்: "ரங்கு பூட்டவே இல்லையேடா." சித்தப்பா வாசல்படியில் உட்கார்ந்து, மேல்துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார்.

எல்லாரும் உங்களைப் புகழ்ந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதை ஒரே ஒரு நாள் வாய் திறந்து சொல்லியிருந்தால் என்ன? "நீங்களும் அவர்களைப் போலத்தானே பூட்டினீர்கள்" என்று அம்மா கடைசி வரை உங்களோடு சண்டை போட்டாளே, அவளிடமாவது சொன்னீர்களா? கேட்டுக்கொண்டு பேப்பர் படித்தீர்கள். அண்ணனும் தம்பியும் தாமாக வரட்டும் என்று காத்திருந்தீர்களா? வந்துவிட்டார்கள் அப்பா. நீங்கள்தான் இல்லை.

சாயங்காலம் வெறும் சங்கிலியை மட்டும் மாட்டிவிட்டுத் திரும்பினோம். திங்கட்கிழமை தச்சர் வேலை ஆரம்பிக்கிறார். பஸ்ஸில் பெரியப்பாவும் சித்தப்பாவும் ஒரே சீட்டில், நெருக்கியடித்துக்கொண்டு. எனக்கு வேலை இல்லை, ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

ஒன்று சத்தியம் செய்து தருகிறேன். நாளைக்கு என் கூடப் பிறந்தவர்களோடு எனக்குச் சண்டை வரும், வராமல் இருக்காது. அன்றைக்கு உங்களைப் போல நல்லவளாக, மௌனமாக இருக்கமாட்டேன். அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று, "நான் பூட்டவில்லை, வாருங்கள்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவேன்.

கோபம் இன்னும் ஆறாத,
உங்கள் மூத்த பெண்
செங்கமலம்