ரொறன்ரோவிலிருந்து முப்பத்தாறு மணித்தியாலம்

ஆவணி 12, புதன்

இன்று ரொறன்ரோவில் இருக்கும் மகனிடம் நன்றாக மூக்குடைபட்டேன். உலகப்படத்தில் அடிமட்டம் வைத்து அளந்து, அங்கிருந்து கொழும்புக்குப் பிளேன் எட்டு மணித்தியாலத்தில் வந்துவிடும் என்று போனில் அவனுக்கே சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"பதினாலாயிரம் கிலோமீற்றர் அப்பா. இடையிலை இறங்கி ஏறவும் வேணும். நீர்வேலி வீட்டு வாசலுக்கு வர முப்பத்தாறு மணித்தியாலம். ஏன், இஞ்சை வரப்போறியளோ?"

"ஓம், உன்ரை பனிக்குள்ளை வாழை நடப்போறன்," என்றேன்.

பக்கத்தில் இருந்த மனைவி சிரிக்கவில்லை. "இஞ்சருங்கோ, சொல்லுங்கோ," என்று முழங்கையால் இடித்தாள். திங்கட்கிழமை காலை எனக்கு நெஞ்சில் ஒப்பரேசன். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். நான் மழையைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போனை வைத்தேன்.

எந்த வாழைக்குலை எத்தனை நாள் தாங்கும் என்று பார்த்து வெட்டிக் கொழும்பு லொறிக்கு ஏற்றுகிறவன் நான். என் நெஞ்சு திங்கள் வரை தாங்குமா என்று பார்க்கத் தெரியவில்லை. படுத்தால் அதன் அடிப்பு காதில் கேட்கிறது. பயமாக இருக்கிறது.

கணக்குப்படி, திங்களுக்கு முன் வந்துசேர அவன் சனிக்கிழமை விடியவே புறப்பட வேண்டும். வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை:

ராசா, உடனை வெளிக்கிட்டு வா.