கருவாட்டின் மேல் விழுந்த பழி

மாலை நாலு இருபதுக்குப் போன் வந்தது. உன் கருமாதிப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க வொய்ஃபோட பிளட் ரிசல்ட் இப்பத்தான் சார் வந்துச்சு" என்றார் ஆஸ்பத்திரியின் சின்ன டாக்டரம்மா. "ஈயம், ரொம்ப அதிகம். நீங்க டெஸ்டுக்குக் கொடுத்த செந்தூர மருந்துலயும் அதான் இருக்கு. வேற யாரும் சாப்பிட்டா உடனே நிறுத்தச் சொல்லுங்க."

மீட்டர்களைச் சரிபார்க்கிறவன் நான். ஓர் அளவைக் கேட்டால் மனசு உடனே கணக்குப் போடும். அன்று ஒன்றும் ஓடவில்லை. நாகமலையின் முதுகிலிருந்து வெயில் மெல்ல வழிந்துகொண்டிருந்தது. அடுப்படியில் உன் கொலுசு நடந்துபோனது போலிருந்தது.

சிக்குன்குனியா போன பிறகும் உனக்கும் உன் தங்கை செல்விக்கும் மூட்டுவலி போகவில்லை. பேரையூர்ப் பக்கம் ஒரு நாட்டு வைத்தியர் தந்த செந்தூரத்தை இருவரும் தேனில் குழைத்துச் சாப்பிட்டீர்கள். கூடவே பத்தியம்: புளி ஆகாது, கத்திரிக்காய் ஆகாது, கருவாடு கூடவே கூடாது. உனக்கோ கருவாடு என்றால் உயிர். பக்கத்து வீட்டில் வறுக்கும்போது ஜன்னலோரம் நின்று, "ஏங்க, வாசம் புடிச்சாலும் பத்தியம் முறிஞ்சிருமா?" என்று சிரிப்பாய்.

ஒருநாள் செல்வி வீட்டில் மற்றவர்களுக்கு வறுத்ததில் ஒரே ஒரு துண்டு தின்றாய். அதற்கப்புறம் வயிற்றுவலி வந்தது, முகம் வெளுத்தது. எல்லோரும் கருவாட்டைத்தான் சொன்னார்கள். நீ பத்தியத்தை இன்னும் இறுக்கினாய்; மருந்தை விடவில்லை. வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், "அந்தத் துண்ட நான் தின்னுருக்கக் கூடாதுங்க" என்றாய்.

போனை வைத்ததும், மதியமே ஊர் திரும்பியிருந்த செல்வியைத் தேடி டி. கல்லுப்பட்டிக்கு பஸ் ஏறினேன். நான் போய்ச் சேர்ந்தபோது செல்வி தேனில் செந்தூரத்தைக் குழைத்துக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து நிறுத்தி, டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

உன் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "மருந்தக் குத்தம் சொல்லாதீக மாப்ள. அவ வாயக் கட்டல. இவ கட்டிருக்கா, நல்லாத்தான இருக்கா?"

"வயிறு வலிக்குதா செல்வி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஒரு வாரமா வலிக்குது மாமா. சொன்னா, எதத் தின்னேன்னு கேப்பாக. நான் எதையுமே திங்கல."

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் செல்விக்கு ரத்தம் எடுத்தார்கள். சில நாளில் ரிசல்ட் வந்தது: அவளுக்கும் ஈயம்தான், ஆனால் குறைவு. சரிசெய்துவிடலாம் என்றார் டாக்டர்.  அதைக் கேட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் அத்தை என் பக்கம் பார்க்காமலே கேட்டார்: "அப்ப எம்மக மேல தப்பில்லையா மாப்ள?"

"இல்ல அத்த."

துக்கத்துக்கு வந்துபோன சொந்தங்களையெல்லாம் கூப்பிட்டு இதைச் சொல்லிவிட்டேன். செல்வியை அடுத்த டெஸ்டுக்குக் கூட்டிப் போகும் பொறுப்பும் என்னுடையதுதான். இனி சொல்ல வேண்டியது உனக்கு மட்டும்: நீ தின்ற அந்தத் துண்டு கருவாடு ஒன்றும் செய்யவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது. போனை ஆஃப் செய்துவிட்டேன்.