கையிலிருந்து வாங்காதவர்கள்

மார்ச் 3, செவ்வாய்
சோயா அறுப்பு பாதியில் நிற்கிறது. டிராக்டருக்கு ரப்பர் டயர் மாட்டி ஒன்பது நாள். முதுகுவலி எவ்வளவோ தேவலை. அதற்குள் சபை மூப்பர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"டீட்ரிஹ், சபைச் சட்டப்படி காலனியில எல்லாருக்கும் இரும்புச் சக்கரந்தான். உனக்கு மட்டும் என்ன தனி முதுகா?"

"ஆமாங்க மூப்பரே, எனக்குத் தனியாத்தான் வலிக்குது."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"இன்னைக்கு நீ மாட்டுவ. நாளைக்குப் பசங்க அதுல ஏறி சாந்தா குரூஸ் டவுனுக்கே போயிருவானுங்க."

மார்ச் 8, ஞாயிறு
சபையிலிருந்து விலக்கிவிட்டார்கள். டயரைக் கழற்றி மன்னிப்புக் கேட்கும்வரை என்னோடு ஒரே மேசையில் யாரும் சாப்பிடக் கூடாது. என் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது. கத்தரீனா ஜன்னலோரம் எனக்கு ஒரு சின்ன மேசை போட்டாள்.

"நான் என்னங்க பண்ணட்டும்?" என்றாள். அழவில்லை. நானும் அழவில்லை.

மார்ச் 11
பால் வண்டிக்காரரிடம் கேனை நீட்டினேன். பார்த்துக்கொண்டு நின்றார். தரையில் வைத்தபிறகு எடுத்துக்கொண்டார்.

மார்ச் 19
"அப்பா ஏம்மா ஓரத்துல உக்காந்திருக்காரு?" என்று மகள் கேட்டாள். கத்தரீனா சூப்பை ஊற்றிக்கொண்டே இருந்தாள். கிண்ணம் வழிந்தது.

மார்ச் 26
சாப்பிட்டேன். தூங்கினேன்.

ஏப்ரல் 2, வியாழன்
வயலில் மேட்டே இலைத் தேநீரைக் குழல் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தேன். கத்தரீனாவின் தம்பி ஆபிரகாம் வந்து கையை நீட்டினான்.

"குடு மச்சான், தொண்டை காயுது."

"டேய், வேணாம்டா. யாராவது பாத்துருவாங்க."

"பாக்கட்டும். குடிச்சா நாக்கா அழுகிடும்?"

ஒரே குழலில் இருவரும் உறிஞ்சினோம். இருபத்தைந்து நாளில் என் கையிலிருந்து ஒருவன் வாங்கியது இதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் தன் குதிரையின் லாடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 19, ஞாயிறு
முடியவில்லை. டயரைக் கழற்றிவிட்டேன். சபைமுன் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டேன். மனதாரவா? தெரியவில்லை. மூப்பர் கைகொடுத்து எழுப்பினார். "வந்துட்டப்பா" என்றார்.

மத்தியானம் பெரிய மேசையில் சாப்பிட்டேன். மகள் என் மடியை விட்டு இறங்கவில்லை. ருசிதான் எதுவும் தெரியவில்லை.

மே 3, ஞாயிறு
ஆராதனை முடிந்து ஆண்கள் கூட்டம். விலக்கில் இருந்தவனோடு குடித்தான் என்று ஆபிரகாம்மேல் புகார் — யாரோ பார்த்திருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள்.

"தாகத்துக்குக் குடிச்சேன். அதுக்கு எதுக்கு முட்டி போடணும்?" என்றான்.

அவனை வெளியே அனுப்பினார்கள். விலக்கச் சம்மதிப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும் என்றார் மூப்பர். என்னைப் பார்க்கக்கூட இல்லை. நான் எழுந்தேன். எனக்கு முன்னால் யாரும் எழுந்திருக்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் பிறகுதான் எழுந்தார்கள்.

குதிரை வண்டியில் கத்தரீனா காத்திருந்தாள். "என் தம்பிக்கு என்னங்க ஆச்சு?"

"எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க" என்றேன்.