மூச்சு வாங்கும் எஞ்சினுக்கு ஓடைப்பட்டியில் ஆள்

போடி,
வியாழக்கிழமை

அன்பு மகள் ஜெபஷீலாவுக்கு அப்பா எழுதுவது,

கர்த்தருடைய கிருபையால் அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். நீயும் அந்த ஜெர்மனிக் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் எஞ்சின் என்று வாயெடுத்தாலே, உங்களுக்கு ஒன்றும் தெரியாதுப்பா என்று நீ குறுக்கே வருவாய், காகிதத்தில் அது முடியாது. மலையில் நல்ல மழை, கடைக்கு ஏலக்காய் வரத்து கூடி விலை இறங்கிவிட்டது. உன் தம்பி அஜய்குமார் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு உன் காரைத் துடைத்துக்கொண்டிருக்கிறான், சாவி என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

கிறிஸ்துமஸ் லீவில் நீ வந்து கோயம்புத்தூர் ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்குள், உன் சிவப்பு காருக்கு டர்போ வைப்பதா, வேறு எஞ்சினே மாற்றுவதா என்று தேனி வேல்பாண்டி பட்டறையில் கேட்டுச் சொல்லச் சொன்னாய். நீ அனுப்பிய வீடியோவைப் பலமுறை பார்த்தேன். வெளியே போகிற புகையே ஒரு சக்கரத்தைச் சுற்றி, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும், அதுதான் டர்போ என்றவரைக்கும் புரிந்தது. சயன்ஸில் தட்டுத்தடுமாறிப் பாசான எனக்கு அதுவே பெரிது. எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால்தான் டர்போவைத் தாங்கும் என்று அதில் சொன்னதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு போனேன்.

வேல்பாண்டி பானெட்டைத் திறக்கவே இல்லை, ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் கேட்டார், அவ்வளவுதான். உங்க மக கார் எஞ்சின் மூச்சு வாங்குது, டர்போ வச்சா வெடிச்சிரும், மாத்துறதுதான் ஒரே வழி என்றார். மாற்ற வேண்டிய பெரிய எஞ்சினும் தயாராக ஒரு மூலையில் பளபளவென்று நின்றது. திறக்காமலே நோய் சொல்கிற டாக்டரை எனக்குப் பிடிப்பதில்லை. ஏலக்காயில் பச்சைச் சாயம் ஏற்றியிருக்கிறார்களா என்று ஈரத்துணியில் தேய்த்துப் பார்த்துப் பழகிய கை சும்மா இருக்குமா, கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து அந்த எஞ்சினைத் தேய்த்தேன். கைக்குட்டை முழுக்க வெள்ளிக் கலர். பிடித்துவிட்டேன் என்று நான் நிமிர்ந்தால், பட்டறையே சிரிக்கிறது. வேல்பாண்டி அசரவில்லை. "ஏன் அண்ணாச்சி, நீங்க மட்டும் ஏலக்காயத் தூத்தாம, பொறுக்காம அப்படியேவா ஏலத்துக்கு அனுப்புவீக? இது காலையில அடிச்ச பெயிண்ட், இன்னும் காயல" என்றார். கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன், சட்டையும் வெள்ளியாகிவிட்டது. அதற்கு அம்மாவிடம் வாங்கியது தனிக்கதை.

சரி, கழற்றுகிற பழைய எஞ்சின் யாருக்கு என்று கேட்டேன். அது பட்டறைக்கு அண்ணாச்சி, இரும்பு விலைக்குத்தான் போகும் என்றார். தலையாட்டிவிட்டு டீ குடிக்க வெளியே வந்தேன். அங்கே ஓடைப்பட்டியில் திராட்சை போட்டிருக்கும் விஜய்பாண்டி என்பவர் நம் காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். நான் யாரென்று தெரியாமல் என்னிடமே கேட்டார். "அண்ணே, இந்தச் செவப்பு வண்டி எஞ்சினை எப்ப எறக்குறாகன்னு தெரியுமா? வேல்பாண்டி எனக்குத்தான் பேசி வச்சிருக்காப்ல. அதிகம் ஓடாத எஞ்சினாம், டர்போவே வச்சாலும் தாங்கும்னு சொன்னாப்ல."

ஆத்தா, டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். உள்ளே போய் ஒரு சண்டையும் போடவில்லை, வீட்டில் விசேஷம், அடுத்த வாரம் விடுகிறேன் என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு நேரே தேவாரம் போனேன். அங்கே எஸ்டேட் ஜீப்புகளுக்கு வேலை பார்க்கிற முத்துராஜாவிடம் விட்டு, பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மீட்டர் வைத்து நாலு சிலிண்டரிலும் அழுத்தம் பார்த்தார், எல்லாம் சமமாக, சரியாக இருக்கிறதாம். அளவாகக் காற்று ஏற்றுகிற டர்போ என்றால் தாங்கும், ரேடியேட்டரைப் பெரிதாக்கணும் என்றார். கிளம்பும்போது, எஞ்சினை விக்கிறதா இருந்தா மொதல்ல எங்கிட்டச் சொல்லுங்க என்றும் சொன்னார். அதனால் அவர்மேலும் எனக்கு ஒரு கண் இருக்கிறது.

என் முடிவு, எஞ்சின் மாற்ற வேண்டாம். கழற்றிக் கொடுத்துவிட்டால் நம் எஞ்சின் திரும்ப வராது, டர்போ சரிப்படாவிட்டால் அதைக் கழற்றிவிடலாம். அதையும் நீ வந்து கூட நின்றுதான் செய்ய வேண்டும், இந்த டிசம்பர் டிராக் போனால் போகட்டும். இப்படி மாற்ற அனுமதி உண்டா என்று ஆர்.டி.ஓ. ஆபீசிலும் முதலில் கேட்டுவிடு. சந்தேகத்தோடு சந்தேகமாக இதையும் கேட்டுவிடுகிறேன், டிராக்கில் ஓட்டத்தானா, இல்லை போடிமெட்டு வளைவுகளில் பஸ்ஸை முந்தவா? உண்மையைச் சொன்னால் போதும், அம்மாவிடம் சொல்ல மாட்டேன்.

நேற்று வேல்பாண்டி போன் பண்ணினார். "அண்ணாச்சி, என்ன யோசிச்சீக, அந்த எஞ்சின் தாங்காது" என்றார். "ஓடைப்பட்டிக்காரருக்கு மட்டும் எப்படிப்பா தாங்கும்?" என்றேன். லைன் கட்டாகிவிட்டது. மலையில் மழை, அதனால்தான் இருக்கும்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ராத்திரி ரொட்டியோடு நிறுத்தாமல் சோறு வடித்துச் சாப்பிடு. வேல்பாண்டி உனக்கு நேராக மெசேஜ் போட்டால் பதில் போடாதே, என்னிடம் சொல்.

வெள்ளி படிந்த சட்டையோடு,
உன் அப்பா
ஜேசுராஜ்