தங்கையின் பதில் இருந்த பெட்டி

அன்புள்ள அக்கா,

செவ்வாயன்று ஆவணக் காப்பகத்தில் இருந்தவர்கள் மூவர்: நான், என் கணவர் வில்ஃப், பெட்டிகளை எடுத்துத்தரும் திருமதி பெலோஸ்.

நம் மூதாதை ஹெஸ்டர் 1741இல் சான்சரி நீதிமன்றத்தில் தன் தங்கைமீது போட்ட வழக்கின் புகாரை முன்பே கண்டுபிடித்திருந்தேன். தாயின் வெள்ளிக் கரண்டிகளைத் தங்கை ஏமாற்றி எடுத்துக்கொண்டாள் என்றிருந்தது. அப்படியே நம் குடும்ப வரலாற்றில் எழுதி, நம் சேப்பல் தேவாலயத்தின் பெண்கள் கூட்டத்தில் வாசித்தும் விட்டேன்.

இதைச் சொன்னதும் திருமதி பெலோஸ் சிரித்தார்.

"புகார்னா எல்லாரும் அப்படித்தாம்மா எழுதுவாங்க. தங்கச்சி குடுத்த பதில் வேற பெட்டியில இருக்கும். அதப் படிக்காமலா திருடின்னு முடிவு பண்ணீங்க?"

"இவளுக்கு ஒரு பக்கம் கேட்டாலே போதுங்க," என்றார் வில்ஃப். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாலைவரை ஐந்து பெட்டிகளைப் புரட்டினோம். கடைசிப் பெட்டியில் அந்தப் பதில் இருந்தது. ஈரத்தில் ஊறிப்போயிருந்ததால் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. அவள் என்னதான் சொன்னாள் என்பது இனி யாருக்கும் தெரியாது. திரும்பும் ரயிலில் ஜெபிக்கக்கூட மனம் வரவில்லை.

அம்மாவின் செம்பு ஜாம் சட்டியை நீ ஏமாற்றி எடுத்துக்கொண்டாய் என்று ஒன்பது வருடமாகச் சேப்பலில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

இப்போது கேட்கிறேன். சீக்கிரம் பதில் எழுது.

உன் தங்கை