மூன்றாவது ஓலை

போன ஞாயிறு காலை ஆராதனையில், அறிவிப்புகளுக்கு நடுவே போதகர் ஒரு கல்யாண ஓலையை வாசித்தார். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், இருவரின் சபை; இந்த விவாகத்துக்குத் தடை சொல்ல யாராவது இருந்தால் தெரிவிக்கலாம், இது முதல் முறை. மூன்று ஞாயிறு இப்படி வாசித்த பிறகுதான் நம் ஆலயத்தில் கல்யாணம். நான் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு உன்னை நினைத்துக்கொண்டேன். கிறிஸ்துமஸுக்கு முன் வருகிற அட்வெந்தோடு நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குச் சாக்கு எதுவும் இல்லை.

தாம்பரத்தில் ஒரே பள்ளியில், ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தோம். நீ ஆங்கிலம், நான் கணக்கு. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் உன் இங்கிலாந்து நாவலாசிரியை வந்து நம்மோடு உட்கார்ந்துவிடுவாள். என் ஆங்கிலம் நொண்டி என்பதால், நீ ஒரு பக்கத்தை மனதுக்குள் படித்துவிட்டு நம் ஊர்த் தமிழில் சொல்வாய். "இந்த அத்தை இன்னா பண்ணுது தெரியுமா? விருந்துக்குக் கூப்ட்டுட்டு, வந்தவங்க போட்டுகினு வந்த டிரெஸ்ஸையே பார்த்துகினு கீது." நீ அப்படிப் பேசுகிறவளே இல்லை, அந்த அத்தைகளுக்காகவே அந்தப் பேச்சை எடுத்து வைத்திருந்தாய். நான் சாம்பார் சாதம் புரையேறச் சிரிப்பேன்.

"இருநூறு வருஷம் முன்னாடி செத்துப்போனவங்களை இன்னும் எதுக்குடி எல்லாரும் படிக்கிறாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நம்ம சபைப் பெண்கள் ஐக்கிய சங்கம் இன்னும் கூடுதே, அதுக்குத்தான்" என்றாய்.

உன் நாவலாசிரியை போரை எழுதவில்லை, ராஜாக்களை எழுதவில்லை. யார் யார் வீட்டுக்கு வந்தார்கள், யாரைப் பார்த்து யார் முகத்தைத் திருப்பினார்கள், எந்தப் பெண்ணுக்கு எவன், அவ்வளவுதான். ஒரு சின்ன மேசையில், ஆள் வரும் சத்தம் கேட்டால் தாளை மறைத்துவைத்து எழுதினாளாம். புத்தகத்தில் தன் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாமலே நாற்பத்தொரு வயதில் போய்விட்டாள். எல்லாம் நீ சொல்லித்தான் தெரியும். மனிதர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிற வித்தையை அவள் மாதிரி யாரும் பார்த்ததில்லை என்பாய். அந்த வித்தையில் நான் கைதேர்ந்தவள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

உன்னை என் அண்ணனுக்குக் கேட்டது நான்தான். சிநேகிதியே அண்ணியாக வந்தால் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி என்று நினைத்தேன். நீ சரி என்றாய். அதைச் சொல்லும்போது உன் முகத்தை நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமலே அம்மாவிடம் சொல்ல ஓடிவிட்டேன். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறு, ஆராதனைக்கு முன்பே நீ போதகரைப் பார்த்து, தடை சொல்ல ஒரு ஆள் இருக்கிறது, அது நான்தான் என்று சொல்லிவிட்டாய். அறிவிப்புகள் முடிந்தன, நம் ஓலை வரவில்லை. எங்கள் பெஞ்சை ஆலயமே திரும்பிப் பார்த்தது. அம்மா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

வெளியே, வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"உங்க அண்ணன் ரொம்ப நல்லவர்டி. ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா அவர் பேசும்போதெல்லாம் எனக்கு ஜன்னலைப் பார்க்கணும்னு தோணுது. அதோட எப்படி குடும்பம் நடத்துறது?"

"இதை ரெண்டு வாரம் முன்னாடி சொல்றதுக்கு என்ன?"

"உன்னை இழந்துடுவேனோன்னு பயந்தேன்."

"இப்ப மட்டும்?" என்று கேட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டு நடந்தேன்.

அண்ணன் அடுத்த வருடமே வேறு பெண்ணைக் கட்டினார். அவர் பேச்சை வாய் பிளந்து கேட்கிற அண்ணி. நன்றாகவே இருக்கிறார்கள். உன்மேல் அவருக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை. குடும்ப மானம் என்று பெயர் வைத்து அந்தக் கோபத்தைச் சோறு போட்டு வளர்த்தவள் நான்தான். கல்யாணமாகி நான் கீழ்க்கட்டளைக்கு வந்தேன், வேறு பள்ளியில் சேர்ந்தேன். நீ மாடம்பாக்கத்தில் தங்கை வீட்டோடு இருந்தாய். ஒரு ஷேர் ஆட்டோ, ஒரு பஸ். பதினெட்டு வருடம் அந்தத் தூரத்தை நான் கடக்கவில்லை. ஒருமுறை தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் எதிரே வந்தாய். நான் கைப்பையில் எதையோ தேடுகிற மாதிரி நின்றேன். நீயும் சற்று நின்றாய், பிறகு இறங்கிப் போனாய்.

உனக்கு உடம்பு முடியவில்லை என்று போன வருடம் உன் தங்கை போன் செய்தாள். "அக்கா உங்களைப் பார்க்கணும்னு சொல்றாங்க. எப்ப வர்றீங்க?" அரையாண்டுத் தாள் திருத்தவேண்டியிருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். தாள் இருந்தது உண்மை. எந்த முகத்தோடு உன் முன்னால் வந்து நிற்பது என்ற பயம் அதைவிட உண்மை. கடைசிக் கட்டைத் திருத்திக்கொண்டிருந்தபோது மறுபடியும் போன் வந்தது. அடக்கத்துக்குத்தான் வந்தேன்.

அதன் பிறகு உன் நாவலாசிரியையின் புத்தகம் ஒன்றை வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே படித்தேன். கதை இருக்க முன்னுரை எதற்கு என்று தாண்டிப் போகிற நான், இந்த முறை ஒரு வரி விடவில்லை. அவளுடைய வாழ்க்கை அதில் இருந்தது. அவளையும் ஒருவன் கேட்டிருக்கிறான். அவள் விருந்தாளியாகப் போய்த் தங்கியிருந்த வீட்டுச் சிநேகிதிகளின் தம்பி. மாலையில் சரி என்றவள், மறுநாள் காலை முடியாது என்று சொல்லிவிட்டு அந்த வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். அவளைப் பற்றி எவ்வளவோ சொன்ன நீ, இதை மட்டும் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் புத்தகம் படித்துக் கெட்டாள் என்று பழியை அவள் தலையில் கட்டியிருப்பேன். என்னை அந்த அளவுக்குத் தெரிந்து வைத்திருந்தாய்.

அந்தச் சிநேகிதிகள் அவளை விட்டுவிடவில்லை என்றும் அதில் இருந்தது. கடைசிவரை பழக்கம் தொடர்ந்தது. நோய் முற்றி அவள் வைத்தியத்துக்காக வேறு ஊருக்குப் போனபோது, தங்க இடம் பார்த்துக் கொடுத்து, வந்து வந்து பார்த்துக்கொண்டவள் அந்தத் தம்பியின் அக்காதான்.

இப்போதெல்லாம் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டால் அன்றைக்கே கிளம்பிவிடுகிறேன். வீட்டில் என்னை இளகிய மனசுக்காரி என்கிறார்கள். அது என்ன மனசு என்று உனக்குத் தெரியும். நீ செய்ததைத்தான் உன் நாவலாசிரியையும் செய்தாள். அவளுக்கு வாய்த்த மாதிரி ஒரு சிநேகிதி உனக்கு வாய்க்கவில்லை.