அணிலுக்கு மாட்டிய கதவு

எதற்கும் தீர்ப்பு சொல்லும் என் வீட்டு ஜட்ஜம்மாவுக்கு,

நைட் டூட்டி முடித்து அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனசு வரவில்லை. நான் வேலைக்குக் கிளம்புகிறேன். சாப்பாட்டை அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள். சாயங்காலம் உன் தம்பி தன் ஏணியை வாங்கிப்போக வருவான். பின்வாசல் சாவி செருப்பு ஸ்டாண்டுக்குள் இருக்கிறது.

பரணில் இருக்கிற அணில்கள் வெளியே போகட்டும், திரும்பி வரமுடியாமல் இருக்கட்டும் என்று திங்கட்கிழமை அவை வந்துபோகும் ஓட்டையில், ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் ஒரு குட்டிக் கதவு மாட்டினேன் இல்லையா? கீழே நின்று பார்த்துவிட்டு, "இது உள்ள வர்ற கதவுங்க, வெளிய போற கதவு இல்ல" என்றாய். "இருபது வருஷமா கதவு மாட்டுறவனுக்கு நீ பாடம் எடுக்காத" என்று எகிறினேன். அதிலிருந்து இரண்டு நாளாக நான் உன்னிடம் முகம் கொடுத்தும் பேசவில்லை.

இன்று காலை மேலே ஏறி டார்ச் அடித்தேன். அன்றைக்கு இரண்டு அணில்தான் இருந்தது. இப்போது ஐந்து! குட்டி ஒன்றுகூட இல்லை, அத்தனையும் வெளியிலிருந்து வந்த விருந்தாளிகள்.

கதவைக் கழற்றித் திருப்பி மாட்டிவிட்டேன். நான் ஏணியை விட்டு இறங்குவதற்குள் மூன்று ஓடிவிட்டன. மேலே சத்தம் கேட்டால் பயப்படாதே, மீதி இரண்டும் கிளம்புகின்றன என்று அர்த்தம்.

தாள் முடிந்துவிட்டது, ஓரத்தில் எழுதுகிறேன். நீ சொன்னதுதான் சரி. உன் தம்பியிடம் மட்டும் சொல்லிவிடாதே, நக்கலடித்தே கொன்றுவிடுவான்.

இன்னொன்று. இதை ஒத்துக்கொள்ள எனக்கு ஐந்து அணில் தேவைப்பட்டது. அடுத்த தடவை இரண்டிலேயே ஒத்துக்கொள்கிறேன்.